உடம்பின் பேரால் ஒரு வருணாசிரமம்

(கல்லூரிப் படிப்பும் மாற்றுத்திறனாளிகளும் என்பது பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண், காது, கை, கால் முதலியவற்றில் குறையுள்ளவர்கள் என்று சொல்லி ஒதுக்கப்படும் மக்களுக்கு உயர்தரக் கல்வியில் என்ன இடம் இருக்கிறது என்பதைப் பற்றி இன்று நாம் பேச வந்திருக்கிறோம். "சாதியைப் பற்றியும், சாமியைப் பற்றியும், பெண்ணடிமையைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் நொண்டி முடத்தைப் பற்றிப் பேசுவானேன்? அது தருமவான்கள் கவனிக்க வேண்டிய காரியமல்லவா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்கிறவர்கள் இருப்பதனால்தான் இதைப் பேசவேண்டியதாயிருக்கிறது. ஒருவன் பிறந்த சாதியைக் காட்டி அவனைத் தாழ்ந்தவன் என்பது அக்கிரமம் என்று நாம் ஒப்புக்கொண்டோம். ஒருத்தி பெண்ணாய்ப் பிறந்ததைக் காட்டி அவளைத் தாழ்ந்தவள் என்பது அக்கிரமம் என்றும் ஒப்புக்கொண்டோம். அப்படியிருக்க, ஒருவனுடைய கண்ணையோ காலையோ காட்டி அவனைத் தாழ்ந்தவன் என்பது மாத்திரம் எப்படி நியாயமாகும்?

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவிதி என்னும் புரட்டு

கண் தெரியாத ஒரு பிள்ளை பிறந்தால் வீட்டில் முதலில் கேட்கும் வார்த்தை என்ன? "போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தோமோ!" என்பதுதான். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? மனுதர்ம சாஸ்திரத்தின் 11-வது அத்தியாயத்தைப் பாருங்கள். அதில் ஒரு ஜாபிதாவே இருக்கிறது. விளக்கைத் திருடினவன் குருடனாவானாம். குதிரையைத் திருடினவன் நொண்டியாவானாம். வாக்கைத் திருடினவன் ஊமையாவானாம். வாக்கைத் திருடுவது என்றால் என்ன? அனுமதியில்லாமல் வேதத்தைக் கற்றுக்கொள்ளுவது என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். தோழர்களே, இதன் சூழ்ச்சியைக் கவனியுங்கள். படித்ததற்குத் தண்டனை ஊமைத்தனம். ஊமையாய்ப் பிறந்ததற்குத் தண்டனை படிப்பில்லாமை! ஒரே கல்லில் சூத்திரனும் விழுகிறான், ஊமையும் விழுகிறான்.

அதோடு விட்டார்களா? அதே நூலின் 9-வது அத்தியாயத்தில், பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பைத்தியம் முதலானவர்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் மாத்திரம் கொடுத்தால் போதும் என்று எழுதி வைத்தார்கள். இது ஏட்டோடு நின்ற சங்கதியல்ல. இந்துச் சட்டம் என்ற பேரால் கோர்ட்டுகளிலும் வழங்கி வந்தது. 1928-ல் ஒரு சட்டம் செய்து, பிறவிப் பைத்தியம் என்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தத் தடையை நீக்கினார்கள். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் நோயோ ஊனமோ காரணமாக யாருக்கும் வாரிசுப் பாத்தியம் போகாது என்று திட்டமாய் ஏற்பட்டது. கண் தெரியாதவனும் தகப்பன் சொத்துக்கு உடையவன் என்று சட்டம் சொல்லுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

புராணத்தையும் பாருங்கள். அஷ்டாவக்கிரன் என்று ஒருவன். தாயின் வயிற்றிலிருக்கும்போதே தகப்பன் வேதம் ஓதுவதில் தப்புக் கண்டுபிடித்துச் சொன்னானாம். தகப்பன் தப்பைத் திருத்திக்கொண்டானா? இல்லை. எட்டுக் கோணலாய்ப் பிற என்று பிள்ளையைச் சபித்தான். பிறகு அந்தப் பிள்ளை ராஜசபையிலே வாதம் செய்து பெரிய பண்டிதனை ஜெயித்தான். அத்தோடாவது கதை முடிந்ததா? ஒரு ஆற்றில் முழுகினான், கோணலெல்லாம் நிமிர்ந்தது என்று முடிக்கிறார்கள். அதாவது எவ்வளவு பெரிய அறிவாளியானாலும் உடம்பு நிமிர்ந்தால்தான் கதைக்கு மங்களம்! கோணல் உடம்போடேயே அவன் மரியாதையாய் வாழ்ந்தான் என்று எழுத எழுதினவனுக்கு மனம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ வந்து கால் சூம்பிப்போனவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதுவும் முன்ஜன்ம வினை என்றுதானே சொன்னார்கள்? சர்க்கார் வீடு வீடாய்ப் போய்ச் சொட்டு மருந்து போட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்நாட்டில் புதிதாய், இயற்கையாய்ப் பரவும் அந்தக் கிருமியால் ஒரு பிள்ளைக்கும் வாதம் வரவில்லை. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. நாம் கேட்கிறோம்: 2011-க்குப் பின் பிறந்த பிள்ளைகளில் ஒருவர்கூட முன்ஜன்மத்தில் குதிரை திருடவில்லையா? அல்லது கருமவினையே இரண்டு சொட்டு மருந்தில் செத்துப்போயிற்றா? கருவிலிருக்கும்போது தாய்க்கு ரூபெல்லா அம்மை கண்டால் பிள்ளைக்குக் காது கெடலாம். வைட்டமின் ஏ சத்துக் குறைந்தால் குழந்தைக்குக் கண் போகலாம். இயந்திரத்தில் கை போகலாம். ரோட்டில் கால் போகலாம். இவற்றில் பாவம் எங்கே இருக்கிறது, புண்ணியம் எங்கே இருக்கிறது?

தருமம் வேண்டாம், உரிமை வேண்டும்

ஒரு பக்கம் பாவி என்று சொன்னவர்கள் மறுபக்கம் அவர்களைக் கோவில் வாசலில் உட்கார வைத்தார்கள். ஏன்? பணக்காரனுக்குப் புண்ணியம் சம்பாதிக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. ஓட்டைக் காசைப் போட்டுவிட்டு மோட்சத்துக்குச் சீட்டு வாங்கலாம் என்று நினைக்கிறவனுக்கு, அந்தக் கை என்றைக்கும் ஏந்தியபடியே இருக்க வேண்டும். அது பேனா பிடித்துவிட்டால் புண்ணியத்துக்கு எங்கே போவது? ஆகவே தருமம் கொடுக்கிறவன் படிப்புக் கொடுக்கமாட்டான். படித்தவன் பிச்சை கேட்கமாட்டான், கணக்குக் கேட்பான்.

2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இந்நாட்டில் ஊனமுள்ளவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டுக்கு மேல். இவ்வளவு பேரும் கோவில் வாசலுக்கென்று பிறந்தவர்களா?

நம் வாயையும் கழுவவேண்டும்

மற்றவர்களைக் குற்றம் சொல்லும்போது நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா? நாம் மேடையிலும் பத்திரிகையிலும் ஆயிரம் தடவை "குருட்டு நம்பிக்கை" என்று சொல்லியிருக்கிறோம். நாம் சொன்னது தப்பு என்று இன்று ஒப்புக்கொள்ளுகிறோம். மூட நம்பிக்கைக்கும் குருட்டுக்கும் என்ன சம்பந்தம்? தேர் இழுத்தவன், தீ மிதித்தவன், சாணியைக் கரைத்துக் குடித்தவன் எல்லோருக்கும் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். சாஸ்திரங்களை எழுதினவனுக்கும் கண் தெரியும். கண் தெரியாதவன் கையால் தொட்டுப் பார்க்காமல், காதால் கேட்டு நிச்சயம் செய்யாமல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டான். ஆராய்ந்து நடப்பது என்றால் அவனிடமல்லவா நாம் கற்றுக்கொள்ள வேண்டும்? அப்படியே "செவிடன் காதில் சங்கு" என்கிறோம். பேசத் தெரியாதவனை "ஊமைக் கோட்டான்" என்கிறோம். பறையன் என்ற சொல்லை வசவாக வழங்கினவர்களை நாம் எவ்வளவு கண்டித்தோம்! அதே காரியத்தை நாமே செய்வதா?

தமிழ்நாட்டு சர்க்கார் ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் பேர் மாறி, படிக்கட்டு மாறாவிட்டால் என்ன பிரயோஜனம்?

கல்லூரிக்குள்ளே நடப்பது

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுவோம். வாசலில் பன்னிரண்டு படி. வகுப்பு மூன்றாம் மாடியில். சக்கர நாற்காலியில் வரும் மாணவனை இரண்டு பேர் மூட்டையைப் போல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்குகிறவர்களுக்கு நல்ல மனது என்று ஊரார் புகழுகிறார்கள். அந்த மாணவனுடைய மானம் என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அவன் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறான். ஏனென்றால் அவன் நுழையக்கூடிய கக்கூசு அந்தக் கட்டிடத்திலேயே இல்லை. இது யார் குற்றம்? அவன் காலின் குற்றமா, கொத்தனாருக்குப் படம் போட்டுக் கொடுத்தவனுடைய புத்தியின் குற்றமா? கோவிலைச் சுற்றி மதில் கட்டி வெளியே நில் என்றான் சனாதனி. கல்லூரிக்கு முன்னால் படி கட்டி, வெளியே நில் என்று வாய் திறந்து சொல்லாமலே சொல்லுகிறான் படித்தவன்.

வகுப்புக்குள் வாருங்கள். ஆசிரியர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இதையும் இதையும் கூட்டினால் அது வரும்" என்கிறார். கண் தெரியாத மாணவனுக்கு எது இது, எது அது? எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதினால் ஒரு காசு செலவுண்டா? காது மந்தமான பெண் ஆசிரியரின் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுகிறாள். அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டால் அவளுக்குப் பாடம் அதோடு நின்றுபோகிறது. மாணவர்களைப் பார்த்துப் பேசினால் ஆசிரியருக்கு என்ன நஷ்டம்? இன்று கம்ப்யூட்டரும் கைப்பேசியும் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகின்றன. ஆனால் புத்தகத்தை வெறும் படமாகப் பிடித்துக் கொடுத்தால் அவற்றில் பல அதைப் படிக்கத் தெரியாமல் திகைக்கும். எழுத்தாக அடித்துக் கொடுத்தால் படிக்கும். அச்சு உரிமைச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. கண் தெரியாதவர்கள் படிக்கத்தக்க விதமாய்ப் புத்தகங்களை மாற்றிக் கொடுக்க 2012-ல் செய்த திருத்தம் இடம் கொடுக்கிறது. இதற்காக 2013-ல் ஏற்பட்ட மாராக்கேஷ் உடன்படிக்கையை உலகத்திலேயே முதன்முதல் உறுதிசெய்த நாடு இந்தியா, அது 2014-ல். கையெழுத்துப் போட முந்திக்கொண்டோம், காரியத்தில் காணோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுடைய குறை கண்ணுக்குத் தெரியாது. எழுத்துக்களைப் படிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியா உள்ளவன், மனநோயோடு போராடுகிறவன், ஆட்டிசம் உள்ளவன். இவர்களுக்கு நம் பள்ளிக்கூடங்களில் கொடுத்திருக்கும் பட்டம் "மக்கு", "மண்டு", "சோம்பேறி". பிரம்படி வேறு. எழுதினால் பிழை வருகிறவனுக்கு வாயால் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தால், அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அப்போதே விளங்கிவிடுமல்லவா?

தகுதி என்னும் பூச்சாண்டி

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பூச்சாண்டி காட்டுகிறார்கள்: "தகுதி போய்விடும், திறமை கெட்டுவிடும்." இந்த ராகம் நமக்குப் புதிதல்ல. வகுப்புவாரி உரிமை கேட்டபோதும் இதையேதான் பாடினார்கள். சூத்திரன் டாக்டரானால் நோயாளி செத்துப்போவான் என்று சொன்னவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம்மவர் டாக்டர்களிடம்தான் மருந்து வாங்குகிறார்கள்.

வைத்தியக் கல்லூரியில் சேர வேண்டுமானால் இரண்டு கைகளும் பழுதில்லாமல், உணர்ச்சியோடும் பலத்தோடும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, இது உடம்பில் குறையில்லாதவனே உயர்ந்தவன் என்னும் எண்ணத்தில் பிறந்த விதி, இதற்கு இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆங்கிலத்தில் இந்த எண்ணத்துக்கு ஏபிலிஸம் என்று பேர். நாம் அதை உடம்பின் பேரால் ஏற்பட்ட வருணாசிரமம் என்கிறோம். அடுத்த மாதமே, கண் தெரியாதவர்கள் நீதிபதியாகக் கூடாது என்றிருந்த மத்தியப்பிரதேசத்து விதியையும் அதே கோர்ட்டு தள்ளிவிட்டது. நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டி வைத்துக் கும்பிடுகிறவர்கள், கண் தெரியாதவனை நாற்காலியில் உட்காரவிட மறுத்தார்கள் என்றால் இதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

2021-ல் மற்றொரு வழக்கு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் வியாதியுள்ள ஒருவர், பெரிய உத்தியோகப் பரீட்சைக்குத் தமக்காக எழுத ஒரு ஆள் கேட்டார். நூற்றுக்கு நாற்பது ஊனம் இருந்தால்தான் எழுத ஆள் என்று மறுத்தார்கள். ஒருவனுக்கு வேண்டிய நியாயமான சௌகரியத்தை மறுப்பதே பாரபட்சம், அளவு காட்டி அதை மறுக்கக்கூடாது என்று கோர்ட்டு சொல்லிற்று. எழுத ஆள் வைத்துக்கொள்ளுகிறவர்களுக்கு மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் கொடுக்க வேண்டும் என்பது 2018-ம் வருஷத்து சர்க்கார் விதி. "மூன்று மணிப் பரீட்சைக்கு ஒரு மணி சலுகையா?" என்று பக்கத்துப் பெஞ்சுக்காரன் முணுமுணுக்கிறான். தோழரே, நீர் ஒரு தடவை உம்முடைய விடையை வாயால் சொல்லி, இன்னொருவரை எழுத வைத்து, அவர் எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லித் திருத்திப் பாரும். பிறகு பேசலாம். பரீட்சை என்பது அறிவை அளக்கவா, கை வேகத்தை அளக்கவா? கை வேகத்துக்குத்தான் மார்க்கு என்றால் டைப்பு அடிக்கிறவனுக்கல்லவா டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டும்!

மற்ற தேசத்துச் சங்கதி

இந்த அக்கிரமம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் செவிடர்களின் கல்வியைப் பற்றி ஒரு மகாநாடு கூடிற்று. நூற்றறுபதுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் கூடி, சைகைப் பாஷை கூடாது, வாய்ப் பேச்சுத்தான் உயர்ந்தது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். அதன் பலனாகக் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் பாஷையைப் பேசினதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அதே மகாநாட்டுப் பரம்பரையார் 2010-ல் வான்கூவரில் கூடித்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது வருஷம்!

அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்கென்றே 1864-ல் ஏற்பட்டது காலாடெட் கல்லூரி. அதற்கு 124 வருஷம் காது கேட்பவர்களே தலைவர்களாயிருந்தார்கள். 1988 மார்ச்சில் மறுபடியும் அப்படியே ஒருவரை நியமித்தபோது மாணவர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு போராடினார்கள். ஒரு வாரத்தில் அந்த அம்மாள் விலக, காது கேளாதவரான கிங் ஜோர்டான் தலைவரானார். நம் கோவிலுக்கு நாம் அர்ச்சகராகக் கூடாதா என்று கேட்டவர்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும்.

எட் ராபர்ட்ஸ் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953-ல் பதினாலு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே உடம்பு அசைவற்றுப்போயிற்று. மூச்சு விடுவதற்கே இரும்புப் பெட்டி போன்ற ஒரு இயந்திரம் வேண்டும். இவர் எக்காலத்திலும் வேலை செய்யப் போவதில்லை என்று சொல்லிக் கலிபோர்னியா புனர்வாழ்வு இலாகா படிப்புக்குப் பணம் கொடுக்க முதலில் மறுத்தது. போராடி 1962-ல் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர்ந்தார். அந்த இயந்திரத்தை வைக்க விடுதியில் இடமில்லாமல் ஆஸ்பத்திரியில் தங்கிப் படித்தார். பின்னால் தம்மைப்போன்றவர்கள் வந்து சேர வழி திறந்தார். 1975-ல் அதே புனர்வாழ்வு இலாகாவுக்கு இவரையே தலைமை அதிகாரியாக்கினார்கள். அன்று "தகுதியில்லை" என்று எழுதின பேனா எங்கே போய் ஒளிந்துகொண்டது?

ஆனால் ஒன்று. இப்படிப்பட்ட ஒருவரைக் காட்டி, "பார், மன உறுதி இருந்தால் போதும்" என்று மற்ற ஆயிரம் பேரின் வாயை அடைப்பதும் ஒரு தந்திரமே. ஹெலன் கெல்லரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். கண்ணும் காதும் இல்லாமல் 1904-ல் பட்டம் பெற்றார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். அவர் சமதர்மக் கட்சியில் சேர்ந்ததையும், ஏழ்மையும் தொழிற்சாலைக் கொடுமையுமே அநேகருடைய கண்ணைக் கெடுக்கின்றன என்று முழங்கினதையும் மறைத்துவிடுகிறார்கள். மலை ஏறினவனைப் புகழுவது சுலபம். மலையை வெட்டிப் பாதை போடுவதல்லவா சமூகத்தின் வேலை?

சட்டம் தூங்குகிறது

சட்டம் இல்லாமலில்லை. 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஏழு வகை ஊனமே கணக்கில் இருந்தது. 2016-ம் வருஷத்து உரிமைச் சட்டத்தில் இருபத்தொரு வகை. நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத ஊனமுள்ளவர்களுக்குச் சர்க்கார் கல்லூரிகளிலும், சர்க்கார் உதவி பெறும் கல்லூரிகளிலும் நூற்றுக்கு ஐந்து இடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும்; சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு நான்கு. பழைய பொதுக் கட்டிடங்களையெல்லாம் விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் திருத்த வேண்டும் என்றும் இருக்கிறது. விதி வந்தது 2017-ல். கெடு முடிந்தது 2022-ல். உங்கள் ஊர்க் கல்லூரிக்குப் போய் இன்னும் படிக்கட்டு இருக்கிறதா, சாய்வுப் பாதை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சில இடங்களில் சாய்வுப் பாதை போட்டு அதன் மேல் பூந்தொட்டி வைத்திருப்பார்கள்!

இடம் கொடுப்பதோடும் காரியம் முடிந்துவிடாது. உள்ளே சேர்த்துக்கொண்டு பாடம் விளங்காமல் உட்கார வைப்பது, பந்தியில் இலை போட்டுச் சோறு போடாமல் விடுவது போலாகும். அன்றியும், ஊனத்துக்குச் சாதியில்லை என்றாலும் ஊனமுள்ளவனுக்குச் சாதியை ஒட்ட வைத்திருக்கிறார்கள். ஆதிதிராவிடர் குடியில் பிறந்த, கண் தெரியாத ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். சாதி ஒரு பூட்டு, பெண் என்பது ஒரு பூட்டு, கண் ஒரு பூட்டு. அண்ணனைக் கல்லூரிக்கு அனுப்பும் தகப்பன், "இவளை யார் கட்டப்போகிறான், படித்து என்ன செய்யப்போகிறாள்?" என்று வீட்டு மூலையில் உட்கார வைக்கிறான். கட்டுகிறவன் வராவிட்டால்தானே படிப்பு இன்னும் அவசியம்?

செய்யவேண்டியவை

முடிவாக நாம் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் விருந்தாளி வரும்போது உள்ளறையில் ஒளிக்காதீர்கள். வேண்டுதலுக்கும் பரிகாரத்துக்கும் செலவழிக்கும் பணத்தைப் படிப்புக்குச் செலவழியுங்கள். ஆசிரியத் தோழர்கள் நாளைக் காலையிலேயே, எழுதுவதைச் சொல்லியும், மாணவர் முகத்தைப் பார்த்தும், குறிப்புகளை எழுத்தாக முன்கூட்டியே கொடுத்தும் பாடம் நடத்த ஆரம்பிக்கலாம். அதற்கு எந்த உத்தரவும் வரவேண்டியதில்லை. அப்படி நடத்தினால் பின்பெஞ்சில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பாடம் விளங்கும் என்பது கைகண்ட லாபம். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வேண்டும் என்பதை அந்த மாணவனையே கேளுங்கள். மிலானில் செய்ததைப்போல் அவனை வெளியே வைத்துவிட்டு அவனுக்காகத் தீர்மானம் போடாதீர்கள்.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தை ஏற்பாடு செய்யும்போது இந்த மேடைக்கு ஏறப் படி மாத்திரம் போடாமல் ஒரு சாய்வுப் பலகையும் போடுங்கள். இன்று நாம் இவர்களுக்காகப் பேசினோம். அது போதாது. அடுத்த தடவை அவர்களில் ஒருவர் இங்கே ஏறிப் பேச, நாம் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுதான் சுயமரியாதை.